ஐந்து வருஷத்துக்கு ஒரு பொன்னாடை

பிரான்ஸில் என்றைக்கோ ஒரு சிறையை உடைத்தார்கள் என்பதற்காக, ஜூலை பதினான்காம் தேதி ஜோசப் ஆனந்த் தன் ஆட்களுக்குக் கேசரியும் வடையும் வாங்கித் தந்தார். புதுச்சேரியில் சாரம் பகுதியில் அவர் நடத்தும் ‘லிபெர்த்தே மேன்பவர்’, ஓட்டல்களுக்கு அறை துடைக்கவும் படுக்கை விரிப்பு மாற்றவும் ஆள் அனுப்பும் ஏஜென்சி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சில் போர்டில் எழுதத்தான் ஆசை. எழுத்துக்கு இவ்வளவு என்று பெயின்டர் சொன்னதும் முதலாவதோடு நிறுத்திக்கொண்டார். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வாங்கிய மெடல் அன்று மருமகனின் கோட்டில் தொங்கியது. ‘சார்’ என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. ‘முசியே’ என்றால்தான் திரும்புவார்.

“அஞ்சு வருஷம்! ஒரு நாள் லீவு போட்டதில்ல!” என்று மைக்கில் முழங்கி, ஸ்டெல்லாமேரிக்குப் பொன்னாடை போர்த்திக் கையில் கேடயத்தைக் கொடுத்தார். அவள் அறை துடைக்கும் ஓட்டலின் மேனேஜர் செம்மல் எழுந்து நின்று கைதட்டினார்.

ஸ்டெல்லாமேரிக்கு அடிவயிறு சுண்டி இழுத்தது. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து சேர், அப்புறம் ஒன்றரை மாதம் குனியக் கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சம்பளமில்லாமல் ஒன்றரை மாதம் படுத்தால் பிள்ளைச்சாவடி வீட்டில் உலை ஏறாது. ஆனால் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு என்று ஓட்டலின் நிரந்தர ஆள் ஃபாத்திமா சொல்லியிருந்தாள். எடுக்காத லீவெல்லாம் சேர்ந்திருக்குமே! அவரே மைக்கில் சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கூட்டம் கலைந்ததும் பொன்னாடையோடே அவர் அறைக்குள் போனாள்.

“இன்னாம்மா, வடை கிடைச்சுதா?”

“கிடைச்சுது முசியே. ஆபரேஷன் பண்ணணும். சேந்த லீவுக்குச் சம்பளம் போட்டுக் குடுத்தீங்கன்னா...”

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார். “நீ சேந்ததே மே மாசம்தானேம்மா?”

“மே மாசம் புது கார்டு குடுத்தீங்க. அஞ்சு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கறதுதானே.”

“அது கார்டு மாத்தறது இல்ல. நீ வேலைய விட்டு நின்னுடற. ஒரு வாரம் கழிச்சுப் புதுசா சேர்ற. ஆறு மாசம் விடாம செஞ்சாதான் லீவு சேரும். கிட்ட வர்றப்பல்லாம் நீயே நின்னுட்டா நான் இன்னா பண்றது?”

“அந்த ஒரு வாரமும் விரிப்பு மாத்திக்கினுதானே இருந்தேன்?”

“அது உதவி. கையில காசு குடுத்தேன், வாங்கிக்கின. உதவிக்கு லீவு கிடையாது.”

“கேடயத்துல அஞ்சு வருஷம்னு போட்டிருக்கே?”

“அது மரியாதைம்மா. மரியாதைக்கு ஒரு கணக்கு, சம்பளத்துக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் கலந்தா கம்பெனி நடத்த முடியுமா?”

ஸ்டெல்லாமேரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அப்ப ரெண்டு மாசத்து ஆளுக்கு எதுக்கு முசியே பொன்னாடை?”

ஜோசப் ஆனந்த் யோசித்தார். கேள்வியிலிருந்த நியாயம் அவர் மனதைத் தொட்டுவிட்டது.

“கரெக்ட்தான்” என்றார்.

எழுந்து வந்து, அவள் தோளிலிருந்து பொன்னாடையை மெல்ல எடுத்தார். பழைய மடிப்பு மாறாமல் மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் தள்ளினார். கேடயத்தில் அவள் பெயர் ஸ்டிக்கராகத்தான் ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளியதும் வந்துவிட்டது. “ஆகஸ்ட் பதினஞ்சுக்கு ஆவும். நீ ஆபரேஷன முடிச்சிட்டு வாம்மா, இடம் இருந்தா புது கார்டு போட்டுத் தரேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஓட்டலின் மாடி அறையில், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மெத்தையைத் தூக்கி விரிப்பைச் சொருகிக்கொண்டிருந்தாள் ஸ்டெல்லாமேரி. வராந்தாவில் போன செம்மல் அவளை அடையாளம் கண்டு நின்றார்.

“அஞ்சு வருஷம் லீவே போடாதவங்கதானே நீங்க? பக்கத்து ரூமையும் பாத்துடுங்க. அந்தப் பொண்ணு தலைவலின்னு லீவு.”