உடையார்பாளையத்து மாப்பிள்ளை

அந்த மரத்தைக் கண்டதும் அம்சவள்ளி வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஏழு வருஷமாகக் காடு மேடெல்லாம் தேடியது, செட்டிகுளத்தில் ஒரு வெங்காயக் கொல்லையின் ஓரத்தில், தனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். கிளையெல்லாம் பச்சை மொட்டு.

கொல்லைக்காரர் குழந்தைவேல் கிணற்றடியிலிருந்து இதைப் பார்த்தார். அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. காலில் பூட்ஸ், தோளில் பை, கையில் மரச்சட்டத்துக்கு நடுவே வைத்துக் கட்டிய பழைய பேப்பர் என்று வந்து நிற்கும் பொம்பளையை நம்புவாரா?

"ஏ புள்ள! எழவு வூட்டுல அழுவுற மாதிரி எங்கொல்லையில வந்து எதுக்கு அழுவுற?"

"செடி ஆராய்ச்சிங்க. திருச்சி ஆபீசு."

"நெலத்தை அளக்க வந்தியா?"

"இல்லீங்க, மரத்தைப் பாக்க வந்தேன்."

"மரத்தைப் பாக்கறதுக்கு ஒரு ஆபீசு! நாடு உருப்பட்டுரும். எந்த ஊரு நீ?"

"பூலாம்பாடிங்க. பாவாடை மக."

"எந்தப் பாவாடை? கெணறு வெட்டுவானே, அவனா?"

"அவரேதாங்க. இந்தக் கெணறுகூட அவரு வெட்டுனதா இருக்கலாம்."

குழந்தைவேல் தன் கிணற்றை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் உடையார்பாளையத்துக் காட்டில் இந்த ஜாதி மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, காயவைத்து, தாளில் ஒட்டி வைத்துவிட்டுப் போனார். அதில் பூ இருந்தது, காய் இல்லை. அதற்கப்புறம் யார் கண்ணிலும் மரம் படவில்லை. எழுபத்து நாலில் வேலைக்குச் சேர்ந்த அம்சவள்ளி, உடையார்பாளையத்தில் முந்திரிக்காட்டுக்குப் பின்னால் ஓர் ஏரிக்கரை முள்ளுக்குள் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தாள். அது ஆண் மரம். வருஷா வருஷம் பூக்கும், உதிரும், அவ்வளவுதான். பெண் மரம் கிடைத்தால் வம்சம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் அந்தக் கிழட்டு மரம் சாய்கிற அன்றோடு கதை முடிந்தது.

அவளுடைய மேலதிகாரி பாலசுந்தரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. "ஒத்தை மரத்தை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க? ரிப்போர்ட்ல அழிஞ்சுபோச்சுன்னு எழுதிட்டு வேற செடியைப் பாருங்க" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். ஆபீஸ் என்றால் அப்படித்தான். செத்ததாக எழுதுவது சுலபம். உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் கஷ்டம்.

"இது பொம்பள மரங்க. மொட்டைப் பாத்தாலே தெரியுது" என்றாள் அம்சவள்ளி. "பனையில ஆண்பனை, பொண்பனை இருக்குல்ல, அது மாதிரி."

"பனைக்கு எவன் மாப்புள பாக்குறான்? அது பாட்டுக்குக் காய்க்குது."

"பனை ஊரெல்லாம் இருக்குங்க. இதுக்கு ஆம்பளன்னு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் உடையார்பாளையத்துல நிக்குது. அதான் இது காய்க்கல."

"காய்க்கலன்னு எனக்கே தெரியும். எங்கப்பா காலத்துலேர்ந்து மலட்டு மரம். மாடு தின்னாது, அடுப்புலயும் எரியாது. ஒரு பேருகூட கெடையாது. வெட்டிப்புட்டு அந்த மேட்டுல வெங்காயம் அடைச்சு வெக்கப் பட்டறை போடப் போறேன். காத்தோட்டமான எடம்."

"வெட்டிராதீங்க!"

அவள் கத்திய கத்தலில் கிணற்றடியிலிருந்த காக்கை பறந்துவிட்டது. குழந்தைவேலே ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"நான் காய்க்க வெக்கறேங்க. ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு அவருக்கு வழக்கமில்லை, முகம் கோணிக்கொண்டது. "மரத்துக்கு மாப்புள! சரி புள்ள, ஆடிப்பட்டம் வரைக்கும் பொறுக்கறேன். காய்ச்சா வெட்டல. காய்க்கலன்னா கோடாலிதான். அப்ப வந்து அழுவக்கூடாது."

இப்படித்தான் பேச்சு முடிந்தது.

கோடை மழை பெய்தது. ஒரு வாரத்தில் இரண்டு மரமும் பூக்கும் என்று அம்சவள்ளிக்குத் தெரியும். ஆண் பூ விடியற்காலையில் விரியும். அதன் மகரந்தத்துக்குப் பொழுது சாய்கிறவரைதான் உயிர். அதற்குள் உடையார்பாளையத்திலிருந்து செட்டிகுளம் வந்தாக வேண்டும். அவள் ஜீப் கேட்டாள்.

"மரத்துக்குக் கல்யாணம் பண்ண ஜீப்பா?" என்றார் பாலசுந்தரம். "நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?"

ஆகவே மாப்பிள்ளை பஸ்ஸில் கிளம்பினார்.

விடியும்போது அவள் ஏரிக்கரை மரத்தில் பூங்கொத்துகளை நறுக்கி, பூக்காரிகள் செய்கிற மாதிரியே வாழைப்பட்டையில் சுருட்டி, மேலே ஈரத்துணி சுற்றினாள். பூவில் ஈரம் படக்கூடாது, வெயிலும் படக்கூடாது. அரியலூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மா எட்டி மோந்து பார்த்தாள்.

"என்ன பூவும்மா இது? வாசமே காணுமே?"

"மாப்புள பூவும்மா."

"அதான் வாசம் இல்ல" என்றாள் அந்த அம்மா. புருஷன்மேல் என்ன கோபமோ.

பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரும் மொட்டை. ஜனங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அம்சவள்ளி ரோட்டின் நடுவில் போய் நின்றாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று திட்டிக்கொண்டே நின்றது.

"சாகறதுக்கு என் லாரிதான் கெடைச்சுதா?"

"அண்ணே, அவசரம். செட்டிகுளம் ரோடு பிரியற ஆலத்தூர் கேட்ல எறக்கி வுட்டுருங்க. பூ வாடிரும்."

"சாமிக்கா பூவு?"

"மரத்துக்குண்ணே."

"மரத்துலேர்ந்துதானம்மா பூவு வரும்? மரத்துக்கு எதுக்குப் பூவு?"

அவள் விளக்கிச் சொன்னாள். டிரைவர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. பைத்தியத்தோடு பேச்சு வளர்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் லாரியை மட்டும் பறக்கவிட்டார். சுண்ணாம்புத் தூள் பூவில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு, குனிந்தபடியே வந்து சேர்ந்தாள் அம்சவள்ளி.

கேட்டிலிருந்து வேறு பஸ் பிடித்து, செட்டிகுளத்து மலைக்கோயில் அடிவாரத்தில் இறங்கிப் பையைத் துழாவினால் நூல்கண்டு இல்லை. டயர் வெடித்த பஸ்ஸிலேயே விட்டிருந்தாள். மகரந்தம் தொட்ட கிளை எது, தொடாத கிளை எது என்று பின்னால் தெரிய நூல் கட்டாமல் முடியாது. அங்கே இருந்த ஒரே கடையில் மஞ்சள் கயிறுதான் இருந்தது.

"இருக்கறதெல்லாம் குடுங்க" என்றாள்.

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டுக் கல்யாணமா?"

பொழுது இறங்குவதற்கு முன் வேலை முடிந்தது. கோழி இறகால் ஆண் பூவைத் தொட்டாள், பெண் பூவில் தடவினாள். கீழே நின்றும் மரத்தில் ஏறியும் கைக்கு எட்டிய கொத்தையெல்லாம் தொட்டு, மேலே மெல்லிய துணிப்பை கட்டி, கிளையில் மஞ்சள் கயிற்றை முடிந்தாள். குழந்தைவேல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் களையெடுக்க வந்த பெண்கள்தான் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவி வீராயி. அவள் பேச ஆரம்பித்தால் வேலை நிற்காது, மற்றவர் பேச்சு நின்றுவிடும். அடுத்த வாரம் பூவைப் பார்க்க வந்த அம்சவள்ளியை அவள் மறித்துக்கொண்டாள்.

"ஏம்மா, இவ கழுத்துல மஞ்சக்கயிறு ஏறியிருக்கே, மாப்புள யாரு? ஊருக்குச் சொல்லல, ஒரு வாய் சோறு போடல. ஓடிப்போன கல்யாணமா?"

"மாப்புள உடையார்பாளையங்க. ஆளு வர முடியல. பூவை அனுப்பிச்சாரு."

அம்சவள்ளி விளையாட்டாகத்தான் சொன்னாள். வீராயி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தக் காலத்துல ஜமீன்ல மாப்புள வரலன்னா அவரு கத்தியை அனுப்பித் தாலி கட்ட வெப்பாங்களாம். இவரு பூவை அனுப்பியிருக்காரு. மரியாதப்பட்ட மனுசன்தான்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் களையில் குனிந்தாள். அரச மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் மேளம் வைத்துக் கல்யாணம் பண்ணுகிற ஊர். இதில் அவர்களுக்கு என்ன அதிசயம்?

ஆனால் பூ உதிர்ந்தது. வைகாசிக் காற்றில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் வெறும் காம்போடு தொங்குகிற துணிப்பைகள்தான் கூடின. உச்சிக் கிளையிலிருந்த சில பைகளை மட்டும் அவள் தொடாமலே விட்டாள். பார்க்கப் பயமாக இருந்தது. ராத்திரி பகல் பாராமல் தேடிய ஏழு வருஷமும் அந்தப் பைகளுக்குள் இருந்தது.

ஆனிக் கடைசியில் அவள் வந்து இறங்கியபோது, கொல்லைக்குள் இரண்டு ஆட்கள் கோடாலியோடு நின்றார்கள். மரத்தைச் சுற்றி வீராயியும் பெண்களும். நடுவில் குழந்தைவேல், முகம் மிளகாய்ப் பழம் மாதிரி.

"ஆடிப்பட்டம் வரைக்கும்னு சொன்னீங்களே!" என்று ஓடிவந்தாள் அம்சவள்ளி.

"ஆடி நாளைக்கே வந்துரும். பட்டறைக்கு மூங்கிலு வந்து எறங்கிருச்சு, மழையில நனையுது. இதுல காயும் இல்ல, கருமாதியும் இல்ல. இவளுவ வேற வெட்ட வுட மாட்டேங்கறாளுவ."

"தாலி கட்டுனவ மேல கோடாலி வெப்பீங்களா? ஒங்க வூட்டுலயும் பொண்ணுங்க இருக்கு" என்றாள் வீராயி. கோடாலிக்காரர்கள் இருவரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டிமார் உண்டு. அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள்.

குழந்தைவேல் அம்சவள்ளி பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. மலைமேல முருகன் இருக்கான், அவன் சாட்சியா சொல்லு. அது தாலியா, வெறும் கயிறா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தாலி என்று சொன்னால் மரம் பிழைக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் பார்க்காத இலையைப் பார்த்ததாக அவள் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

"அடையாளத்துக்குக் கட்டுன கயிறுங்க" என்றாள். "என் நூல்கண்டு பஸ்ஸுல போயிருச்சு. கடையில இதுதான் இருந்துச்சு."

குழந்தைவேல் வெற்றியோடு வீராயியைப் பார்த்தார். வீராயியின் முகம் விழுந்துவிட்டது.

"இன்னும் முடிக்கலீங்க" என்றாள் அம்சவள்ளி. "அவரோட பூவைக் கொண்டாந்து, இவளோட பூவுல சேத்து வெச்சு, அதுக்கப்புறம்தான் இந்தக் கயித்தைக் கட்டுனேன். இதுக்கு உங்க ஊருல என்ன பேரோ, அதை நீங்களே சொல்லிக்குங்க."

வீராயியின் முகம் மறுபடி நிமிர்ந்தது.

"இதுக்குப் பேரு கல்யாணம் இல்லாம என்னடி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். குழந்தைவேல் மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆயிட்டா போதுமா? காய் எங்க?"

அம்சவள்ளி பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு மரத்தில் ஏறினாள். கிணற்றுக்குள் இறங்கி ஏறிய அப்பனின் மகள், ஏறத் தெரியும். உச்சிக் கிளையில் முதல் பையை அவிழ்த்தாள். வெறும் காம்பு. இரண்டாவது பையிலும் காம்புதான். கீழே கோடாலிக்காரன் ஒருவன் தொண்டையைச் செருமினான். மூன்றாவது பையின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

உள்ளே சுண்டைக்காய் அளவில், மினுமினுவென்று, பச்சையாக ஒரு காய். பக்கத்தில் இன்னொன்று. அடுத்த பையில் ஒரு கொத்தே இருந்தது.

வெள்ளைக்காரர் பார்க்காத காய். எந்தப் புத்தகத்திலும் படம் இல்லாத காய். பூலாம்பாடி பாவாடை மகள் பார்த்தாள். கிளையை மெல்ல வளைத்துக் கீழே காட்டினாள்.

குழந்தைவேல் அண்ணாந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அப்பன் காலத்திலிருந்து காய்க்காத மரம். கோடாலிக்காரர்களைப் பார்த்து, "இன்னும் ஏன்டா நிக்கறீங்க? போயி மூங்கிலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுங்க" என்று கத்தினார். அப்புறம் குரலை இறக்கி, "ஏ வீராயி, வளையல் வாங்கியாந்தாச்சா, இல்லையா?" என்றார்.

வளைகாப்பு நடந்தது. ஊர்ப் பெண்கள் கண்ணாடி வளையலைக் கிளைகளில் கோத்தார்கள். புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் குண்டான் குண்டானாக வந்தன. கல்யாணத்துக்குக் கிடைக்காத ஜீப் வளைகாப்புக்குக் கிடைத்தது. பாலசுந்தரம் இறங்கி, வளையல் குலுங்குகிற மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அம்சவள்ளி, இதெல்லாம் என்ன?"

"பாதுகாப்பு ஏற்பாடு சார். நம்ம முள்வேலியைவிட ஸ்ட்ராங்கு."

அவர் லென்ஸை வைத்துக் காயை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் கையை நீட்டினார். "இனிமே ஜீப்பு கேக்காதீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க." அதிகாரி வாயிலிருந்து அதைவிடப் பெரிய மன்னிப்பு வராது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

காய் பழுத்துச் சிவந்தது. விதை முளைத்தது. அம்சவள்ளி வரைந்த படம் புத்தகத்தில் ஏறியது. மூன்று வருஷத்தில் நாற்றங்கால் முழுக்க அந்த மரத்தின் பிள்ளைகள். முதல் கன்றுகளை உடையார்பாளையத்து ஏரிக்கரையில் நடுவது என்று முடிவானது. ஜீப் வரும் என்று அவள் சொல்லியும் குழந்தைவேல் ஏறவில்லை. கவர்மெண்ட் வண்டியை அவர் அப்போதும் நம்பவில்லை.

"நீங்க முன்னால போங்கம்மா. நான் வந்துர்றேன்" என்றார். எப்போது 'புள்ள' போய் 'அம்மா' வந்தது என்று அவருக்கே தெரியாது.

வேட்டி சட்டை வெளுத்துக் கட்டி, வெற்றிலை பாக்குத் தட்டோடு, ஒரு கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்தில் வீராயி. கண்டக்டர் வந்து கன்றைத் தட்டினார்.

"பெரியவரே, இது லக்கேஜா?"

"லக்கேஜ் இல்லய்யா. பேரப்புள்ள. அப்பனைப் பாக்கப் போவுது" என்றார் குழந்தைவேல்.

"அப்ப அரை டிக்கெட்டு எடுங்க."

"மடியில இருக்கற புள்ளைக்கு எவனய்யா டிக்கெட்டு கேப்பான்?" என்று வீராயி போட்ட சத்தத்தில், கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.