உடைந்த போனில் நான்கு நிமிடம்

என் அப்பா அமிர்தநாதன், தான் பொதி தூக்குகிற மில்லின் பஞ்சு குடோனுக்குத் தீ வைத்தார் என்று சொன்னவர்கள், அதற்கு முன்னால் கேட் ரூமில் இருந்த போனை உடைத்தார் என்றும் சொன்னார்கள். ஃபயர் சர்வீசை யாரும் கூப்பிட்டுவிடக் கூடாதாம். தீ வைக்கப் போகிறவன் முதலில் போனை உடைப்பான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? சினிமாதான்.

அந்தப் போன் எனக்குத் தெரியும். கறுப்பு நிறம், டயல் வைத்தது, தூக்கினால் கை வலிக்கும். தரையில் அடித்தால் தரைதான் பெயரும். போலீஸ் வந்தபோது அது சில்லுச் சில்லாகக் கிடந்ததாம். அப்படி ஆக்க வேண்டுமானால் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அவசரத்தில் இருக்கிறவன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போவான். எதிர் டீக்கடையிலேயே இன்னொரு போன் இருந்தது. தீ பிடித்ததும் அங்கிருந்துதான் ஃபயர் சர்வீசைக் கூப்பிட்டார்கள்.

போலீஸ் இதையெல்லாம் யோசிக்கவில்லை. வாட்ச்மேன் சுப்பையன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பன்னிரண்டு மணிக்கு அமிர்தநாதன் வந்தார், போனஸ் விஷயமாகக் கத்தினார், போனைத் தூக்கி அடித்து உடைத்தார், இன்றைக்குப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டரை மணிக்குத் தீ.

கத்தியது உண்மை. அப்பா கத்துகிறவர்தான். மீதியெல்லாம் பொய். பன்னிரண்டரைக்கு அவர் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பரிமாறினேன். மூன்று மணி வரை வீட்டைவிட்டு நகரவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன்.

“பெத்த அப்பனுக்குப் புள்ள வேற எப்படிம்மா சொல்லும்?” என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அன்று மாலையே அப்பாவை ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். பி.எஸ்சி. கணிதம். படித்த கணிதத்துக்கு அவினாசி ரோட்டில் ஒரு செல்போன் கம்பெனி ஆபீசில், கண்ணாடிக் கவுன்டருக்குப் பின்னால் உட்காரும் வேலை கிடைத்திருந்தது. அந்த வருடம் கோயம்புத்தூரில் செல்போன் வைத்திருந்தவர்கள் முதலாளிகளும் முதலாளி மகன்களும்தான். அப்பா ஜெயிலில் இருந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, எனக்கு லீவு கிடைக்கவில்லை. மில் முதலாளி அழகிரிசாமியின் மகன் சசிதர், ஒரு நண்பனோடு என் கவுன்டருக்கு வந்தான்.

“ஏனுங்க அம்மணி, செல்லு தொலஞ்சு போச்சுங்க. அதே நம்பரு திரும்ப வேணுமுங்க.”

“புது நம்பர்னா இன்னைக்கே தந்தரலாமுங்க. அதே நம்பருன்னா மனு எழுதிக் குடுக்கோணும்.”

“எத்தன வேணாலும் எழுதறனுங்க. கூட்டிப் பாத்தா ஒம்போது வருமுங்க அந்த நம்பரு. எங்கப்பா ஜோசியருகிட்டக் கேட்டு வாங்குனது. நம்பரை மாத்துனா ஊட்டுக்குள்ளயே உடமாட்டாருங்க.”

என் சட்டையில் அருள்செல்வி என்று பெயர் குத்தியிருந்தது. அவன் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பஞ்சு பேல் தூக்குகிறவர்களுக்கு மகள் இருப்பாள் என்பதே அவனுக்கு எட்டாத விஷயம்.

“எங்கீங்க தொலஞ்சுது?”

“மேட்டுப்பாளையத்துலீங்க. பவானி ஆத்துல உழுந்துருச்சு.”

“சிம் கார்டுங்க?”

சோபாவில் சாய்ந்திருந்த நண்பன் சிரித்தான். “அதைப் பல்லுல கடிச்சு ரெண்டாக்கித் துப்பிப்போட்டானுங்க. செல்லைப் பாறை மேல வெச்சு ஒரு கல்லைத் தூக்கி ஒரே போடு. வில்லன் தோத்தான் போங்க.”

“சித்த சும்மா இர்றா” என்றான் சசிதர். பிறகு என்னிடம், “டென்சனுங்க அம்மணி. குடோனு எரிஞ்சு போச்சு, இன்சூரன்சுக்காரனுக பின்னாடி அலையறோம். நம்ம சோத்தத் தின்னவனே தீ வெச்சுட்டான்.”

“கேள்விப்பட்டனுங்க” என்றேன். “இங்க எழுதுங்க. போன் கடைசியா உங்க கையில எப்ப இருந்துதுன்னு கேட்டிருக்குது பாருங்க. தேதி, நேரம் ரெண்டும்.”

‘திங்கட்கிழமை காலை 9 மணி வரை என்னிடமே இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கையெழுத்தில் மட்டும் நல்ல சுழிப்பு. அந்தக் காகிதத்தை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அவர்கள் போனதும் அவன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். செல்போனைக் கல்லால் அடிக்கலாம், ஆற்றில் போடலாம், சிம் கார்டை மென்று விழுங்கலாம். எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது எங்கள் ஆபீசில் அப்படியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ஒரு கால். நான்கு நிமிடம். கால் போன நம்பர் குடோன் கேட் ரூம். அப்பாவை அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் நாங்கள் போடுகிற நம்பர். ஆறு வயதிலிருந்து எனக்கு மனப்பாடம்.

பன்னிரண்டு மணிக்கே சில்லாகிப் போன போன், இரண்டு பத்துக்கு நான்கு நிமிடம் பேசியிருக்கிறது.

மேனேஜர் அப்துல் வஹீதிடம் போய் நின்றேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பிரின்ட் எடுக்காதம்மா. எடுத்தா உன் வேலையும் போகும், அந்தப் பேப்பர் கோர்ட்ல செல்லவும் செல்லாது. கோர்ட்லருந்து ஆர்டர் வரட்டும். நானே கையில எடுத்துட்டு வர்றேன்.”

“அதுக்குள்ள அழிச்சிருவாங்களாங்க சார்?”

“ரூல்படி ஆறு மாசம் இருக்கும். நான் இருக்கற வரைக்கும் இருக்கும்.”

வக்கீல் பாலகோபால், மில் தொழிலாளர் சங்கம் ஏற்பாடு செய்தவர், நான் சொன்னதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“செல்லே ஆத்துக்குள்ள கெடக்குதேம்மா கண்ணு. அதை எங்க போயித் தேடறது?”

“அதை மீன் தின்னாத் தின்னுட்டுப் போகட்டுமுங்க. பேசுன கணக்கு ஆபீசுல இருக்குது.”

“படத்துலயெல்லாம் போனை ஒடச்சுப்போட்டா அதோட எல்லாம் முடிஞ்சுபோகுமே.”

“வக்கீலய்யா, அவனும் அந்தப் படத்தத்தான் பாத்திருக்கறான். போலீசும் அதையேதான் பாத்துருக்குது. நீங்களாச்சும் அதை நம்பாம இருங்க.”

மூடி வைத்திருந்த கேஸ் கட்டைத் திரும்பப் பிரித்தார். பிறகு அந்தக் கணக்கைக் கோர்ட்டுக்கு வரவழைக்க மனு எழுத ஜூனியரைக் கூப்பிட்டார்.

விசாரணை வர மூன்று மாதம் ஆனது. அதுவரை இரண்டு முறை ஜாமீன் கேட்டு இரண்டு முறையும் தள்ளுபடி. அப்பா இளைத்துக் கூண்டில் நின்றார். வஹீது சார் மூடின கவரோடு வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். சசிதர் கோர்ட்டுக்குள் கடைசி வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் புதுச் செல்போன்.

சுப்பையன் போலீசிடம் சொன்னதையே ஒப்பித்தார். பாலகோபால் எழுந்தார். போன் உடைந்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“ஏனுங்க சுப்பையன், ஞாயித்துக்கெழம ரெண்டு மணியப்போ சின்ன மொதலாளி உங்களுக்குப் போன் போட்டாரே, ஏன் எடுக்கல? தூங்கிட்டீங்களா?”

“தூங்கலீங்க சாமி.”

“அப்ப மணி அடிச்சா அடிக்கட்டும்னு மரியாதையில்லாம உக்காந்திருந்தீங்க.”

சுப்பையன் கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். சின்ன முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார். இருபது வருட வேலையில் அப்படியொரு பெயர் அவர் வாங்கியதில்லை.

“அப்படியெல்லாம் இல்லீங்க. மொத மணிக்கே எடுத்துப்போட்டனுங்க. சின்னவரு கூப்பிட்டு எடுக்காம இருக்க முடியுங்களா?”

“எந்தப் போன்ல எடுத்தீங்க?”

“கேட் ரூம்லதானுங்க. நமக்கு வேற ஏதுங்க போனு?”

ஜட்ஜ் பேனாவை நிறுத்தினார். “அவர் என்ன சொன்னார்?”

“ஊட்டுக்குப் போயிச் சோறு தின்னுட்டு மெதுவா வாங்கன்னாருங்க. சின்னவருக்குத் தங்கமான மனசுங்க.”

தீ பிடித்தபோது கேட்டில் ஆளே இல்லை என்று ஆகிவிட்டது. சசிதர் காலைக் கீழே இறக்கினான். பாலகோபால் வராந்தாப் பக்கம் கை காட்ட, வஹீது சார் கவரைப் பிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அதில் நான்கு நிமிடம் இருந்தது. கூடவே, திங்கட்கிழமை காலை வரை போன் தன்னிடமே இருந்தது என்று சுழித்துப் போட்ட கையெழுத்தும் இருந்தது.

அப்பா வெளியே வர இன்னும் ஒன்பது நாள் ஆனது. ஜெயில் வாசலில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “சுப்பையனைப் புடிச்சுட்டாங்களா? பாவம், அவனுக்கு நாலு பொட்டப்புள்ளைங்க” என்று.

“எனக்குப் பாவமா இல்லீங்கப்பா” என்றேன். “ஆட்டோல ஏறுங்க.”