விசையில் கட்டிய கம்பி

அன்று மனோர் பார்க் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தியாகராஜா, அவர் மனைவி கலாவதி, கலாவதியின் தமையன் பரமேஸ்வரன், வலது கையில் கட்டுப் போட்டிருந்த கஸ்பர். வேறொருவரும் இல்லை. சுவருக்கு அப்பால் நின்று கேட்டதாகச் சொல்பவர்கள் அந்த வீட்டுப் படியே ஏறியதில்லை.

1994, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மேசையில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள் கிடந்தன. ஆண்கள் மூவரும் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலை, தொழிலிடப் பாதுகாப்புப் படிப்புக்கு ஓர் ஆளை அனுப்பத் தீர்மானித்திருந்தது. ஊரைவிட்டு அகதியாக வருமுன் சீமெந்துத் தொழிற்சாலையில் இருந்தவர், ஆங்கிலம் நன்றாக எழுதுவார் என்று மனேஜர் தியாகராஜாவைப் பிடித்துக்கொண்டார். எந்தப் படிப்பு என்று திங்கள் காலை சொல்லவேண்டும்.

ஒன்று மூன்று நாள் படிப்பு. இருந்து கேட்டால் சான்றிதழ். மற்றது ஒரு வருடம், வாரம் ஒரு மாலை கல்லூரியில். பரீட்சை உண்டு. அதோடு, தான் வேலை செய்யும் இடத்தைச் சுற்றிப் பார்த்து, கண்ட ஆபத்துகளை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவும் வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் தியாகராஜா திரும்பத் திரும்ப வாசித்தார்.

மாவு உருட்டும் இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் உருளைகள் நின்றுவிட வேண்டும். அதற்கென ஒரு விசை இருக்கிறது. சிக்கிய மாவை எடுக்க ஒவ்வொரு முறையும் நிறுத்தினால் வேலை சுணங்கும் என்று, அந்த விசையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியவர் மேற்பார்வையாளர் பரமேஸ்வரன். மூன்று வாரத்துக்கு முன் கஸ்பரின் இரண்டு விரல்கள் நசுங்கின. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று விபத்துப் புத்தகத்தில் பதிந்தார்கள். பரமேஸ்வரன் கம்பியை அவிழ்க்கவில்லை. முருகன் கோயில் திருநீற்றை எடுத்துவந்து மூடியில் மூன்று குறியாகப் பூசினார். அதன்பின் ஆட்கள் முன்னிலும் துணிவாகக் கையை உள்ளே விட்டார்கள்.

“மூண்டு நாள் படிப்பைப் போடும், தியாகு,” என்றார் பரமேஸ்வரன். “தலை நரைக்கிற வயசிலை உமக்கேன் பரீட்சை?”

“மற்றதுக்குத்தான் மதிப்புக் கூட, மச்சான்.”

“சொந்தக்காரனை எழுதிக் குடுக்கிறதோ மதிப்பு?”

கிறிஸ்தவனான கஸ்பர் சிரித்தான். “எழுதேக்கை என்ரை விரலையும் எழுதுங்கோ அண்ணை, திருநீறு பூச முந்திப் போன விரலெண்டு. நான் வேதக்காரன் எண்டு முருகன் கவனிக்கேல்லையாக்கும்.”

மற்றவர்கள் சிரிக்கவில்லை.

“எங்கடை அகதி ஃபைல் இன்னும் குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலை கிடக்குது,” என்றாள் கலாவதி மெல்ல. “உப்பிடி எழுதினா அங்கையும் போகாதோ?”

போகாது என்று தியாகராஜாவுக்குத் தெரியும். அவர் பயம் வேறு. இந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே பரமேஸ்வரன்தான். மனைவியின் தமையனை எழுதிக் கொடுத்தவன் என்ற பெயரோடு கோயில் வாசலில் எப்படி முகம் கொடுப்பது? ஆனால் கஸ்பர் அலறியபோது ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கியதும் தியாகராஜாதான். அமுக்கும்வரை உருளை நிற்கவில்லை.

பேனையை எடுத்தார். அதன் முனை மூன்று நாள் படிவத்தின் மேல் நின்றது.

“நாளைக்கு எனக்கு எந்த மெஷின், அண்ணை?” என்று கேட்டாள் கலாவதி. அதே தொழிற்சாலையில் தமையன் பேசி எடுத்த மாலை ஷிப்ட் மறுநாள் தொடங்க இருந்தது.

பரமேஸ்வரன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, “கஸ்பர் நிண்டது,” என்றார். “அதிலைதான் பின்னேரம் ஆளில்லை.”

கலாவதி இரண்டு கைகளையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தியாகராஜா மற்றப் படிவத்தை இழுத்தார். பெயரை எழுதினார். கையொப்பமும் வைத்தார்.

“கம்பியையும் எழுதத்தான் போறன், மச்சான். எனக்குப் பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் எழுதுவன்.”

பரமேஸ்வரன் எழுந்து கோட்டைப் போட்டார். சேலைக்குள் இருந்த தங்கையின் கைகளை ஒருமுறை பார்த்தார். வாசற்கதவு மூடிய சத்தத்துக்கு மூவரும் திடுக்கிட்டார்கள்.

அன்றிரவு தியாகராஜா கண் மூடவில்லை. காலையில் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நேரே மாவு உருட்டும் இயந்திரத்தடிக்குப் போனார். இயந்திரம் நின்றிருந்தது. மூடியில் திருநீறு இல்லை. விசையில் கம்பியும் இல்லை. மனேஜரின் கண்ணாடி அறையில், வெட்டிய கம்பித் துண்டு மேசைமேல் கிடந்தது. அதன் முன்னே பரமேஸ்வரன் நேராக நின்றுகொண்டிருந்தார்.

“கட்டினது நான்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “கஸ்பரிலை பிழையில்லை. அந்தப் புத்தகத்தை மாத்தி எழுதுங்கோ.”

தியாகராஜா மச்சானைக் காட்டிக்கொடுத்து அவர் பதவியைப் பிடித்தார் என்று மனோர் பார்க்கிலிருந்து அப்டன் பார்க் வரை ஒரு கதை உலாவுகிறது. அது பொய். தியாகராஜா ஒரு வரி எழுதுமுன்பே பரமேஸ்வரன் தாமே போய்ச் சொன்னார். மேற்பார்வையாளர் பதவி கஸ்பருக்குப் போயிற்று.