லைஃப்டைம் சிம்

போனைத் தொலைப்பது என் வீட்டுக்காரர் தண்டபாணிக்கு ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த முழுநேர வேலை. அன்றைக்குக் காலையும் சோபா, பூஜை அலமாரி, வாஷிங் மெஷின் தலை என்று ஹைதராபாத் கொண்டாப்பூர் ஃபிளாட்டையே புரட்டிவிட்டு, "கொஞ்சம் அடிச்சுப் பாரு" என்று அடுப்படியில் வந்து நின்றார். அவர் போனில் இரண்டு சிம். ஒன்று ஹைதராபாத் நம்பர். மற்றது கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த ஊர் நம்பர். நான் கைக்கு வந்த ஊர் நம்பரை அழுத்தினேன். வீட்டுக்குள் எங்கேயும் மணி கேட்கவில்லை. ஆனால் யாரோ எடுத்தார்கள்.

"அலோ, சொல்லுங்க. பையனூட்டுக்காரங்களா?"

பின்னால் லாரி ஹாரன் அலறியது.

"யாருங்க நீங்க? இது எங்க வீட்டுக்காரர் நம்பருங்க."

"அட சாமி! தாரிணியோட அம்மாங்களா? உங்களைத்தானுங்க இத்தனை நாளாத் தேடிட்டிருக்கேன்!"

என் மகள் பெயரை முன்பின் தெரியாத ஆம்பளைக் குரல் சொன்னதும் ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பெயர் சாம்பசிவம், பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி. மாசி மாதம் புது சிம் வாங்கியிருக்கிறார். கடைக்காரர் கொடுத்த நம்பர் இது. மறுநாளே ஒருத்தர் கூப்பிட்டு, பொண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டாராம்.

நான் இவர் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணுனீங்களா, இல்லையா?"

"அதுக்கு எதுக்குப் பண்ணோணும்? லைஃப்டைம் இன்கமிங்னு சொல்லித்தானே குடுத்தான். அவனவன் கூப்பிடறதுக்கு நான் எதுக்குக் காசு கட்டறது?"

"பிளான் முடியுதுன்னு மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்துச்சு. ஃப்ராடுப் பசங்கன்னு அழிச்சுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். லைஃப்டைம் திட்டமெல்லாம் செத்துப் புல் முளைத்தாயிற்று, இந்த மனுஷனுக்கு மட்டும் சேதி வரவில்லை. காசு கட்டாத நம்பரைக் கம்பெனிக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். தாரிணி ஜாதகத்தில் ஊர் நம்பரைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் இவர்தான். ஹைதராபாத் நம்பரைப் பார்த்தால் புள்ள தெலுங்காயிருச்சு என்பார்களாம். சங்கத்து வரன் புத்தகத்தில் அச்சாகி மாதக்கணக்கில் ஒரு போன் வரவில்லை. ராகு காலத்தில் எலுமிச்சை விளக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தேன். லட்சணமாக வளர்ந்த பெண்ணை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

"நெறையப் பேர் கூப்பிட்டாங்களா அண்ணா?" என்றேன்.

"அதைய ஏனுங்க கேக்கறீங்க! தேங்காய் லோடுக்குக்கூட இத்தனை போன் வராதுங்க. ராங் நம்பர்னு சொன்னா நம்பறதில்ல. பொண்ணூட்டுக்காரங்க தட்டிக் கழிக்கறாங்கன்னு கோவிச்சுக்கறாங்க. புள்ளைக்குக் கெட்ட பேர் வந்துரக் கூடாதுல்லங்க? நான் பெரியப்பான்னே சொல்லிப் போட்டேன்."

என் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள்! சந்தோஷத்தில், கேட்காமலே பெரியப்பா ஆன அந்த மனுஷனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

"ஒருத்தன் காரு என்ன மாடல் போடுவீங்கன்னான். போடான்னு வெச்சுட்டனுங்க. ஒரு அம்மா, புள்ள வேலைய உட்டுருமான்னு கேட்டாங்க. விடாதுன்னுட்டேன். ரெண்டு குடும்பம் நல்லா மரியாதையாப் பேசுனாங்க. ஆடி போகட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கேன். தப்புங்களா?"

"ஒரு தப்பும் இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ தானே ஏற்பாடு செய்து வைத்த மாதிரி. நான் முறைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், தாரிணி லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்துவிட்டது. "தெலீது மம்மி" என்று தெலுங்கில் தெரியாது என்பாள், இல்லாவிட்டால் மீட்டிங் என்பாள். இப்போது கையை நீட்டி, "ஃபோன் இவ்வு" என்றாள். தெலுங்கில்தான் கேட்டாள். கொடுத்தேன்.

"அங்கிள், நான் தாரிணி. இந்த நம்பர் உங்ககிட்டயே இருக்கட்டும். யாராச்சும் கூப்பிட்டா, பையன் காபி அவனே போட்டுக் குடிப்பானான்னு கேளுங்க."

"கேட்டர்லாம் அம்மிணி. வேற?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கோவம் வந்தா என்ன பண்ணுவான்னு கேளுங்க. கத்தினாக்கூடப் பரவால்ல அங்கிள். நாலு நாள் பேசாம மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறவன் வேண்டாம். அதைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு."

என் வீட்டுக்காரர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தூக்கி வைத்துக்கொண்டால் நானும்தானே தூக்கி வைத்துக்கொள்வேன். சண்டை முடிகிற வரைக்கும் உப்பு, சாவி, பேப்பர் எல்லாம் இந்தப் பெண் வழியாகத்தான் போகும், வரும்.

"சொல்லு அம்மிணி, வேற?" என்றது பொள்ளாச்சி.

அவள் ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். தணிந்த குரலில், தமிழும் தெலுங்கும் கலந்து, நிறுத்தாமல் பேசினாள். அடுப்பில் குக்கர் விசிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்தேன். பருப்பு வேகாவிட்டால் போகிறது என்று திரும்பி வந்தால், பால்கனிக் கதவு இடுக்கில் எனக்கு முன்னால் இவர் காதை வைத்து நின்றிருந்தார். நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.