இரண்டு ஆலைக்கு ஒரே கரும்பு

அந்த வருஷம் எங்கள் ஆலை ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர் எத்தனால் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கு எவ்வளவு கரும்பு வேண்டும் என்று சொல்வது என் வேலை. டன்னுக்கு எண்பது லிட்டர் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் டன். பெலார்மினோவின் பெரிய தோட்டத்தையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

மே மாதக் காலை ஒன்றில் அந்தத் தோட்டத்துக்குள் குனிந்து, வரிசைக்கு எத்தனை கரும்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கரும்புச் சோகை கழுத்தைக் கீறியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குரலும் எண்ணியது. என் எண்ணிக்கை போச்சு.

"யாருய்யா அங்க?"

சோகையை விலக்கிக்கொண்டு அடால்ட்டோ வந்தான். பக்கத்து ஆலையில் இதே வேலை பார்ப்பவன். போதாக்குறைக்கு என் முன்னாள் கணவன்.

"ஜுரேமா! எங்க கரும்புல உனக்கென்ன வேலை?"

"உங்க கரும்பா? வெயில் தலைக்கேறிடுச்சா?"

நான் போன் போட்டதும் பெலார்மினோ பைக்கில் வந்து இறங்கினார். கையில் காப்பி பிளாஸ்க்.

"ரெண்டு பேரும் கேட்டீங்க. முடியாதுன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பே, இவன் ஒரு மணி நேரம் பேசுவான். ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டேன்மா."

சிரித்துவிட்டோம். அப்புறம்தான் உறைத்தது. என் கணக்கை நம்பி ஆலையில் லாரி வரை பேசி வைத்திருந்தார்கள்.

ஆளுக்குப் பாதி என்று முடிவானது.

"எங்களுக்கு ஜூன்லயே அரைக்கணும்," என்றான் அடால்ட்டோ. "நீ உன் பாதிய ஆகஸ்ட்ல வெட்டு. இனிப்பு ஏறியிருக்கும், டன்னுக்கு நாலஞ்சு லிட்டர் கூட வரும்."

"கல்யாணமான நாள்லேர்ந்து நீ விட்டுக்கொடுத்தது இது ஒண்ணுதான்."

எங்கள் ஆலை மேலாளர் எவிலாசியோ கத்தித் தீர்த்தார். "போன வாரம் இருந்த கரும்பு இப்ப எங்கம்மா போச்சு?"

"அங்கதான் சார் நிக்குது. பாதி நம்மளோடது இல்ல."

பழைய கணக்கையே எழுதச் சொன்னார்; முடியாது என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே எத்தனால் வாங்குபவர்களிடம் பேசி அளவைக் குறைத்தார்.

ஆகஸ்டில் சாறு தேனாக இறங்கியது. குறைத்த அளவைத் தாண்டிக் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. சனிக்கிழமைச் சந்தையில் அடால்ட்டோ எண்ணெயில் பொரித்த சூடான பாஸ்டெல் பலகாரம் வாங்கிக் கொடுத்து, "எவ்வளவு வந்துச்சு?" என்று நைசாகக் கேட்டான்.

"இன்னொண்ணு வாங்கு, சொல்றேன்," என்றேன். வாங்கினான். நான் சொல்லவில்லை.