வேறு வைத்த அடுப்பு

ஏப்பம் விட்டுக்கொண்டே என் சமையலறை நிலைப்படியில் வந்து நின்றார் நாச்சியப்பன். கட்டிய கணவர். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பூண்டுக் காளான் வாணலியில் இன்னும் சிணுங்கிக்கொண்டிருந்தது. தட்டு வைத்து, தண்ணீர் மொண்டு வைத்து, உட்கார ஓலைத் தடுக்கு இரண்டையும் விரித்துவிட்டு நான் காத்திருந்தேன். "வாசம் வாசல் வரைக்கும் வருது" என்றபடி உள்ளே வந்தவர் உட்காரவில்லை. குனிந்து வாணலியிலிருந்து ஒரு காளானை இரண்டு விரலால் எடுத்து, ஊதி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று.

"உக்காந்து சாப்பிடுங்க."

"சாப்பிட்டேன் ரஞ்சனி. ஆத்தா கூப்பிட்டாக. சும்மா டேஸ்ட் பாக்குறேன். நல்லா இருக்கு."

சமையல்காரரிடம் உப்புப் பார்க்க வந்த பெண் வீட்டுக்காரர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, என் முந்தானையிலேயே விரலைத் துடைத்துக்கொண்டு, செக்காலை ரோட்டில் இருக்கும் தன் கடைக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஒரு ஆள் தின்று தீராத அளவு காளான், இரண்டு தட்டு, இரண்டு தம்ளர். ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். தனி அடுப்பு கிடைத்த நாள் முதலாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் சமூகத்தில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு பிரிவதில்லை அது. ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே கிணறு. உலை மட்டும் வேறு. நல்ல நாள் பார்த்து, அரிசி பருப்பு புளி மிளகாயிலிருந்து அரிவாள்மனை வரைக்கும் மாமியார் எடுத்துக் கொடுத்து, தனி அடுப்பில் பால் காய்ச்ச வைத்தால் அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் தனிக் குடும்பம், ஊர்க் கோயில் வரிக் கணக்கில் தனித் தலைக்கட்டு, தனிப் புள்ளி. அதற்காகவே பெரிய வீடுகளில் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சமையலறைகள் கட்டியிருப்பார்கள். இந்த வீட்டில் நான்கு இருக்கின்றன. இரண்டு பூட்டிக் கிடக்கின்றன, அந்தப் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மூன்றாவது என் மாமியார் தேனம்மையுடையது. நேர் எதிரே நான்காவது என்னுடையது. இடையில் முற்றம், அதில் மத்தியான வெயில்.

திருச்சியில் வளர்ந்தவள்தான் நான். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவள். ஆனாலும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்தச் சமூகத்தில் ஒரு புது மருமகளுக்கு வந்த மாதமே தனி அடுப்பு கொடுக்கிறார்கள்? என் சிநேகிதிகளிடம் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அத்தை கறாரான மனுஷி. அதில் தப்பில்லை. வேறு வைத்த புதிதில் ஒரு நாள் புளி தீர்ந்துபோய் அவர்களிடம் போய்க் கேட்டேன். எலுமிச்சம்பழ அளவு உருட்டிக் கொடுத்தார்கள். சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார்கள். "புளி வாங்கியாந்துட்டியா?" கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றார்கள்.

"வேறு வச்சாச்சு ஆத்தா. ஒரு கல்லு உப்பு வாங்குனாலும் திருப்பிக் குடுத்துரணும். நான் வாங்குனாலும் அப்படித்தேன். எங்க மாமியா எனக்குச் சொன்னது. அப்பத்தான் ரெண்டு அடுப்பும் மொகம் பாத்து எரியும்."

அதுகூட எனக்கு நியாயமாகத்தான் பட்டது. உடனே கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தேன். உப்பில், புளியில், தீப்பெட்டியில் எல்லாம் இந்த வீட்டுச் சட்டம் துளி பிசகாமல் நடக்கிறது. பிள்ளை விஷயத்தில் மட்டும் சட்டம் கிடையாது. வண்டி சத்தம் கேட்டதும், "நாச்சியப்பா, சோறு போட்டாச்சு" என்று முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கே போவார். ராத்திரிக்கும் அங்கேதான் இடியாப்பம். என் அடுப்பில் அவருக்காக எரிவது காலைக் காபிக்கான நெருப்பு மட்டும்.

நான் கேட்காமல் இல்லை. நயமாகக் கேட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டேன், ஒரு தடவை அழுதும் கேட்டேன். "அப்பா போன பெறகு ஆத்தா தனியால்ல உக்காந்து சாப்பிடணும்" என்பார். சரி, அவர்களையும் இங்கே கூட்டி வாருங்கள் என்றால், "வரமாட்டாக" என்பார். கேட்டுப் பார்த்தீர்களா என்றால், "கேக்காமயே தெரியும்" என்பார். போனில் என் ஆத்தாவிடம் சொன்னபோது, "கொஞ்ச நாள் பொறுத்துக்க, தானா சரியாப் போகும்" என்றார்கள். தானாகச் சரியாய்ப் போன ஒரு காரியத்தை எனக்கு யாராவது காட்டட்டும்.

காளானுக்கு நான் போனது அதனால்தான். எங்களுக்கு நிச்சயம் பேசுவதற்கு முன்னால், இரண்டு பேரும் தனியாகப் பேசிப் பார்க்கட்டும் என்று திருச்சியில் ஒரு ஓட்டலுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே இவர் பூண்டும் தழையும் போட்ட காளான் வறுவல் ஒரு தட்டு வாங்கி, முழுக்கத் தின்று முடித்துவிட்டு, "உங்களுக்கு?" என்று கேட்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவ்வளவு பிடிக்கும் அவருக்கு. ஆனால் அத்தை காளானை வாசல்படி ஏற்ற மாட்டார்கள். "நாய்க்கொடையெல்லாம் என் அடுப்புல ஏறாது" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வைக்காத ஒன்றை நான் வைத்தால் என் தடுக்கில் வந்து உட்கார்வார் என்று கணக்குப் போட்டேன். வந்தார். நின்றுகொண்டே இரண்டு விரலால் எடுத்துத் தின்றுவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை சந்தைக்குப் போய் மலைப்பூண்டும் புதினாவும் கொத்தமல்லியும் வாங்கினேன். காளான் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் கிடைத்தது. ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். ஒரு பொரியலுக்கா லீவு என்று கேட்பீர்கள். பொரியலுக்கு இல்லை.

காளானைத் தண்ணீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, காம்பின் அடியில் ஒட்டிய மண்ணைச் சீவி, பாதியாக நறுக்கினேன். வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினேன். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் தண்ணீர் விட்டுச் சதசதவென்று ஆகிவிடும். உப்பையும் முதலிலேயே போடக்கூடாது. ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு திருப்பிவிட்டு, தீயைக் குறைத்து, வெண்ணெயும் தட்டிப் போட்ட பூண்டும் சேர்த்தேன். பூண்டு கருகினால் எல்லாம் கசந்துவிடும், பொன்னிறத்தில் நிற்க வேண்டும். மிளகுத்தூள், உப்பு, பொடியாக நறுக்கிய புதினா, மல்லி. பீட்ஸா வாங்கும்போது கொடுக்கிற காய்ந்த இலைப் பொட்டலங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் சேர்ந்து கிடந்தன, அதில் இரண்டைக் கிழித்துத் தூவினேன். கடைசியில் எலுமிச்சை நாலு சொட்டு. பூண்டு மணம் முற்றத்தைத் தாண்டி, பூட்டிய கதவுகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றியிருக்கும். கை வேலை செய்துகொண்டிருந்தாலும் மனசுக்குள் அவரோடு சண்டை ஓடிக்கொண்டேயிருந்தது. 

வண்டி வந்து நின்றது. செருப்பு கழன்றது. "நாச்சியப்பா, சோறு போட்டாச்சு." காலடி அந்தப் பக்கம் போயிற்று. நான் கிண்ணம் நிறையக் காளானை எடுத்து ஒரு தட்டால் மூடிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். வெயிலில் கல் சுட்டது.

அத்தையின் சமையலறையில் என் கணவர் தடுக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் மோர்க்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அத்தை கரண்டியோடு நின்றார்கள். நான் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன்.

"என்ன ஆத்தா இது?" என்றார்கள் அத்தை.

"பூண்டுக் காளான். என் அடுப்புல வச்சது. வாங்குனா திருப்பிக் குடுக்கணும்னு சொல்லியிருக்கீகள்ல அத்தை, அதான் இதக் குடுத்துட்டு நீங்க வாங்குனத வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் உங்கிட்ட என்ன வாங்குனேன்?"

"உங்க பிள்ளைய. வேறு வச்சு எனக்குன்னு குடுத்தீக. மத்தியானமும் ராத்திரியும் எரவல் வாங்கிக்கிறீக. திருப்பி அனுப்புறப்ப வயித்த நெறச்சு அனுப்புறீக. நான் யாருக்கு ஒலை வைக்கிறது?"

 அவ்வளவு நாள் அடக்கி வைத்த கோபம் அது. "ரஞ்சனி, சாப்பிடுற எடத்துல என்ன பேச்சு" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. பிசைவதை நிறுத்தவில்லை.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னார்கள். "அவன் வாரான்னுதான் நான் அடுப்பே பத்த வைக்கிறேன். எனக்கு மட்டும்னா கஞ்சியோட போயிரும். ஒத்த ஆளுக்கு என்னத்தக் கொதிக்க வைக்கிறது?"

எட்டிப் பார்த்தேன். சின்னப் பாத்திரம். அவருக்குப் போட்டது போக அடியில் ஒரு கை சோறு இருந்தது. ஒத்த ஆளுக்குக் கொதிக்க வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதைத்தானே முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் நான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன். மனசு வலித்தது. வலித்ததே என்று அதற்கும் கோபம் வந்தது. சண்டை போட வந்த இடத்தில் இரக்கப்பட வைத்துவிட்டார்களே.

"அப்ப இங்குட்டுத் தனியா இருக்காம அங்குட்டு வந்து சாப்பிடுங்க அத்தை."

"வேறு வச்ச வீட்டுல மாமியா போயி தட்டு முன்னால உக்காந்தா ஊரு என்ன பேசும்?"

"ஊரு எங்க அத்தை இருக்கு? இந்த வளவு வீட்டுல எல்லாக் கதவும் பூட்டித்தான கெடக்கு. நம்ம மூணு பேருதான் இருக்கோம். இவுக வந்து கேட்டாகளா உங்ககிட்ட, அங்குட்டு வாரீகளான்னு?"

அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். "கேக்கலையே" என்றார்கள் மெதுவாக. அவர் ஒரு உருண்டையை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.  அத்தை கரண்டியை மேடையில் வைத்தார்கள். அடுப்புக் குமிழைத் திருகி அணைத்தார்கள்.

"போ நாச்சியப்பா. அவ வீட்டுல போயி சாப்பிடு."

நான் இதை எதிர்பார்க்கவில்லை.  புளியைக் கேட்டு வாசலில் நின்ற அதே மனுஷி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

"போட்டாச்சுல்ல ஆத்தா. இன்னைக்கு மட்டும் இங்கயே முடிச்சிர்றேன்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு, எச்சில் படாத இடது கையை என் பக்கம் நீட்டினார். "அந்தக் கிண்ணத்த இப்படித் தள்ளு ரஞ்சனி, மோர்க்குழம்புக்குத் தொட்டுக்க நல்லா இருக்கும்."

நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர்கள் முகத்தில் நான் பார்த்ததைக் கண்ணாடியில் பல நாள் பார்த்திருக்கிறேன். இத்தனை நாளும் நான் இவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இவர்களும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். நடுவில் உட்கார்ந்து ஒருவர் இரண்டு அடுப்பிலும் வயிறு வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு அடி எடுத்து வைக்கக்கூட வலிக்கிறது அவருக்கு.

அத்தை குனிந்தார்கள். அவர் முன்னாலிருந்த தட்டை, பிசைந்த சோற்றோடு, அப்படியே எடுத்துக் கரண்டிக்குப் பக்கத்தில் மேடையில் வைத்தார்கள். "ஆத்தா" என்றார் அவர். அத்தை காளான் கிண்ணத்தை ஒரு கையிலும், அடியில் ஒரு கை சோறு கிடந்த பாத்திரத்தை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, சுடுகிற கல்லில் வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

என் நிலைப்படியில் அவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இரண்டு கையிலும் பாத்திரம். நான் அவர்களைத் தாண்டி உள்ளே போய், இரண்டாவது தடுக்கை எடுத்து விரித்தேன். யாரும் உட்காராத தடுக்கு, அதன் நாலு முனையும் இன்னும் விறைப்பாக மேலே சுருண்டுகொண்டு நின்றது. நான் குனிந்து உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தேன். அத்தையின் தோளுக்குப் பின்னால், முற்றத்துக்கு அந்தப் பக்கம், நாச்சியப்பன் இன்னும் சம்மணம் போட்டபடியே உட்கார்ந்திருந்தார், காய்ந்துகொண்டிருந்த எச்சில் கையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி.