வண்டிக்கு வைத்த கரிச்சட்டி

எங்கள் சாத்தூர்ப் பக்கம் குளிர்காலம் என்பது மார்கழியில் ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கிற பருவம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குருபரப்பள்ளியின் அந்த இரண்டாயிரத்து ஆறு ஜனவரி ஒரு தனிப்பட்ட அவமானமாகவே இருந்தது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், கியர் சக்கரங்களைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஃபர்னஸ் முன்னால் எட்டு மணி நேரம் வேகிறவன் நான். மிச்சப் பதினாறு மணி நேரமும் குரங்குக் குல்லாய்க்குள் உறைந்து கிடந்தேன். வெந்தும் வேகாத சோறு மாதிரி ஒரு வாழ்க்கை.

மாடியில் நான் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர் நாராயணப்பனும் அவர் மனைவி நாகம்மாவும். நாகம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். அடுத்த முறையும் தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு அடுத்ததை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் ஒருநாள் அவர் மயங்கி விழுந்தபின், மூலையில் கிடந்த பழைய டீசல் அம்பாசிடரை நாராயணப்பன் துடைத்து எடுத்தார்.

அதுவும் என்னைப் போலவே குளிர் தாங்காத ஜாதி. ரோட்டைப் பார்த்து ஷட்டர் போட்டு ஒரு கடை அறை கட்டியிருந்தார். வாடகைக்கு ஆள் வராததால் கார் அதில் குடிவந்தது. ஜன்னல் கிடையாது. மிஷின் நாட்களில் விடியற்காலை நாலரைக்கு அதற்குள்ளிருந்து வரும் இருமல்தான் எனக்கு அலாரம். செல்ஃப் அடிப்பார். ‘க்ரூ... க்ரூ...’ மறுபடி அடிப்பார். மறுபடி இருமல். பிறகு, “ஏம்ப்பா கருப்பசாமி, கொஞ்சம் வந்து தள்ளேன்!” என்று குரல் வரும். நான் போர்வையோடு இறங்கிப் போய்த் தள்ளுவேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை, தள்ளியும் கிளம்பவில்லை. எதிர் டீக்கடை மூர்த்தியும் வந்து தள்ளினார். ஏழு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்த பிறகுதான் வண்டிக்கு மனசு வந்தது. நாகம்மாவுக்கு அன்று இரண்டரை மணி நேரம்தான் மிஷின் கிடைத்தது. “இன்னொரு தரம் லேட்டானா இந்த ஆறு மணி இடத்த வேற பேஷண்டுக்குக் குடுத்துருவோம்,” என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். மாலைக்குள் நாகம்மாவின் கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது.

செவ்வாய் சாயங்காலம் டீக்கடையில் நாராயணப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, நீ கம்பெனில நெருப்புகிட்டயே நிக்கிறவன். இந்தக் கழுதைய எப்பிடிக் கெளப்பறது, சொல்லு.”

“ஹீட்டர் பிளக்கு போயிருக்கும்ணே.”

“மெக்கானிக்கு சாமான் பெங்களூருலருந்து வரணும்ங்கறான். நாளிக்குக் காலையில நாகம்மாவ எப்பிடிக் கொண்டுபோறது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒருவர் யோசனை கேட்டு வெகு காலமாகியிருந்தது. கம்பெனியில் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, “கையெழுத்துப் போட்டியா?”

“நமக்குக் குளிருனா என்ன செய்வோம்? அதுக்கும் அதையே செய்ங்க. இஸ்திரிக் கடையில கரி வாங்கி, இரும்புச் சட்டில போட்டு இன்ஜினுக்கு முன்னால வைங்க. பானட்டுமேல கம்பளியப் போத்தி விடுங்க. தாலாட்டு ஒண்ணு தெரிஞ்சா அதையும் பாடுங்க.”

மூர்த்தி சிரித்தார். நாராயணப்பன் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் கூடிவிட்டது.

“முக்கியமா ஷட்டர இறக்கி விட்ருங்கண்ணே. ஃபர்னஸ் ஆளு சொல்றேன், கதவு தொறந்தா சூடு போச்சு.”

“நாளிக்கு வண்டி கெளம்புனா உனக்கு ரெண்டு வடை,” என்றார் மூர்த்தி. “கெளம்பலன்னா அந்தக் கரியிலயே உன்னயும் வெச்சுடறோம்.”

புதன்கிழமை நாலரைக்கு இருமல் வரவில்லை.

எனக்கு முதல் ஷிஃப்ட். ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். கம்பளிக்குள்ளிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். செல்ஃப் சத்தம் இல்லை, கூப்பிடும் குரலும் இல்லை. வண்டி ஒரே அடியில் கிளம்பிப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வடையையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் தின்றேன். வெந்நீர் போட்டு, நிதானமாக முகம் கழுவி, குல்லாயை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது ஐந்து மணி.

கீழே வாசற்படியில் நாகம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிப் பை. வீங்கிய கால்கள் செருப்புக்குள் பாதிதான் போயிருந்தன. தெருவிளக்கைச் சுற்றிப் பனி அடைத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, நீங்க போகலையா?”

“வண்டிய எடுத்துக்கினு வந்துடறன்னு போனாரு. இன்னும் காணோம். அரை மணி நேரமாச்சு.”

“சத்தம் கேட்டுச்சா?”

“கேக்கல. உள்ள சூடா இருக்குன்னு ஒக்காந்துக்கினாரோ என்னமோ. ராத்திரியெல்லாம் தூங்கலப்பா அவரு. கொஞ்சம் தூங்கட்டும்னுதான் நானும் கூப்பிடல.”

கடை அறைப் பக்கம் திரும்பினேன். ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது. அடியில் ஒரு கோணிப்பையை மடித்துச் செருகியிருந்தார், இடுக்கு வழியாகக்கூடச் சூடு போகாமல்.

எங்கள் ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு மஞ்சள் போர்டு தொங்கும். ‘இங்குள்ள வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு தூக்கம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் உள்ளே நுழையாதே.’ மாதாமாதம் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். புதிதாக வருகிற பயல்களிடம், “இந்த கேஸ் எங்க மாமியார் மாதிரி இல்லடா, திட்டாமலே ஆளை முடிச்சிரும்,” என்று சொல்லிச் சிரிக்க வைப்பதும் நான்தான். மூடிய அறையில் எரிகிற கரியிலிருந்து வருவதும் அதே வாயுதான். ஆறு வருடம் கையெழுத்துப் போட்ட கைக்கு அது நேற்றுச் சாயங்காலம் நினைவு வரவில்லை.

ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன். இதமான வெப்பம் முகத்தில் வந்து தடவியது. அந்த மாதம் முழுவதும் நான் ஏங்கியிருந்த சூடு. ஒரு வினாடி அப்படியே நிற்கலாம் போலிருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். கரி சாம்பல் பூத்து, நடுவில் மட்டும் சிவந்து கிடந்தது. பானட்டின்மேல் கம்பளி ஒழுங்காகப் போர்த்தியிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்தபடி நாராயணப்பன் உட்கார்ந்திருந்தார். மார்பிலிருந்த மஃப்ளர் லேசாக ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

“மூர்த்தியண்ணே!” என்று கத்தினேன்.

எதிர்க் கடையிலிருந்து ஓடி வந்த மூர்த்தியும் நானுமாக அவரைத் தரையில் இழுத்து வெளியே போட்டோம். குளிரில் எங்கள் முகமெல்லாம் வெளிறியிருக்க, அவர் உதடு மட்டும் வெற்றிலை போட்டவர் உதடு மாதிரி சிவந்திருந்தது. மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

நாகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். “லேவய்யா,” என்று தெலுங்கில் சொன்னார். எழுந்திரு என்று. ரொம்ப மெதுவாகச் சொன்னார், வழக்கமாகக் காலையில் எழுப்புகிற மாதிரி.

மூர்த்தி கரிச்சட்டியைக் காலால் வெளியே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். “உன் வைத்தியமா?”

நான் காருக்குள் ஏறினேன். பனி மூடிய ரோட்டில் வேறு வண்டிக்குக் கை காட்டி நிற்க நேரமில்லை. சாவி தொங்கிக்கொண்டிருந்தது. திருகினேன்.

ஒரே செல்ஃபில் கிளம்பிவிட்டது. இருமலில்லை, தயக்கமில்லை. இளவட்டம் மாதிரி உறுமியது. அவ்வளவு வெட்கங்கெட்ட சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

எனக்கு லைசென்ஸ் உண்டு. டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கியது. அந்த எட்டுக்கு வெளியே நான் ஓட்டியதில்லை. மூர்த்திக்கு அதுவும் தெரியாது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கி விட்டேன். பின்சீட்டில் நாகம்மா கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மூர்த்தி காலைப் பிடித்துக்கொண்டார். ஹைவேயில் லாரிகளின் சிவப்பு விளக்குகள் பனிக்குள் திடீரெனத் தோன்றின. ஒன்றின் பின்புறம் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து விலகியது.

“மூணாவது போடுப்பா, வண்டி அழுவுது,” என்றார் நாகம்மா பின்னாலிருந்து. வாரம் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்தே அவர் கியர் கற்றிருந்தார். “இப்ப நாலு... மெதுவா... மேம்பாலம் வருது.” நடுநடுவே குரல் தாழ்ந்து, “லேவய்யா.”

பனியில் ஊர்ந்து ஊர்ந்து, ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரி. நாராயணப்பனுக்கு ஆக்ஸிஜன் மாட்டினார்கள். டயாலிசிஸ் நர்ஸ் வந்து நின்றாள். “அம்மா, மிஷின் ரெடியா இருக்கு. ஆறரைக்கு மேல அடுத்த பேஷண்ட ஏத்திருவோம். வர்றீங்களா, இல்லையா?”

“அவரு கண்ணத் தொறக்கட்டும்.”

“உங்களுக்குத் திங்கட்கிழமையே பாதிதான் ஆச்சு. இன்னைக்கும் விட்டா நான் பொறுப்பில்ல.”

நாகம்மா நகரவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தினார். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

“அக்கா, கரி வைக்கச் சொன்னது நான். ஷட்டர சாத்தச் சொன்னதும் நான்தான். விளையாட்டாத்தான் சொன்னேன். உங்களுக்கும் இங்க எதுனா ஆகிட்டா...”

“தெரியும்ப்பா. ராத்திரியே சொன்னாரு.” அவர் என்னைப் பார்க்காமல் கட்டிலையே பார்த்தார். “கருப்பசாமி நெருப்புல வேல செய்யறவன், அவனுக்குத் தெரியாததான்னாரு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு இருபத்தெட்டுக்கு நாராயணப்பன் கண் திறந்தார். முகமூடியை ஒரு கையால் விலக்கி, குழறலாக, “வண்டி ஸ்டார்ட் ஆச்சா?” என்றார்.

“ஒரே செல்ஃப்ல ஆச்சுண்ணே!”

அவர் சிரித்தார். நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மிஷின் அறைக்கு நடந்தார். மூர்த்தி கடையைத் திறக்கப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு மட்டும் ஒரு நிம்மதி வந்தது. அதை நாலு நிமிஷம் அனுபவித்திருப்பேன்.

“ஏம்ப்பா,” என்றார் நாராயணப்பன். “வண்டி ஸ்டார்ட் ஆச்சா?”

“ஆச்சுண்ணே. அதுலதான் வந்தோம்.”

முதல்தடவை கேட்கிறவர் மாதிரியே முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாவது, நான்காவது தடவை வரை நான் தமாஷாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். பிறகு எனக்குத் தமாஷ் தீர்ந்துவிட்டது. டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். “இந்த மறதி சில பேருக்குப் பத்து நாள்ல சரியாயிடும். சில பேருக்கு ஆகறதில்ல. இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது.”

பத்தரைக்கு நாகம்மா கையில் பஞ்சை அழுத்தியபடி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். நான்கு மணி நேரம் முழுதாகக் கிடைத்திருந்தது. முகம் வற்றித் தெளிந்திருந்தது. நாராயணப்பன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, வண்டி ஸ்டார்ட் ஆச்சா? நாகம்மாவுக்கு நேரமாவுது.”

நாகம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிய நேரமாகவில்லை.

“ஆச்சுய்யா,” என்றார் அவர், கணவரின் நெற்றியில் கை வைத்து. “போயிட்டு வந்துட்டன்.”

பிறகு என்னிடம், மஞ்சள் போர்டைப் படிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்: “வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு. நாலுக்கெல்லாம் எறங்கி வந்துடு. கரி வேணாம், வெந்நீர் போட்டுத் தர்றன், இன்ஜின்மேல ஊத்தலாம். அதுக்கும் கெளம்பலன்னா தள்ளு.”

“சரிங்கக்கா.”

“ஏம்ப்பா,” என்றார் நாராயணப்பன்.